தேய்ந்த அச்சு நாணயத்தில் விடும் தடங்கள்: புதிய சேகரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாணயச்சாலையில் பயன்படும் எஃகு அச்சில் எது பள்ளமோ, அது நாணயத்தில் மேடு. அச்சில் எது மேடோ, அது நாணயத்தில் பள்ளம். பிழை நாணயங்களைத் தேடத் தொடங்குபவர் வேறெதையும் கற்பதற்கு முன் இந்த ஒரு விதியை மனத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். அச்சிலிருந்து எஃகு தேய்ந்தோ பெயர்ந்தோ போனால், போன இடத்தை நாணயத்தின் உலோகம் வந்து நிரப்புகிறது. எனவே அச்சு இழந்தது நாணயத்தில் கூடுதல் உலோகமாகவே தெரியும். மாறாக, அச்சின் பள்ளத்தில் மசகுப் பிசுக்கும் உலோகத் தூளும் அடைத்துக்கொண்டால், நாணயத்தில் அங்கே எழ வேண்டிய மேடு எழாமல் போகும். நாணயத்தின் மேற்பரப்பில் உலோகம் சுரண்டப்பட்டோ நசுக்கப்பட்டோ இருந்தால், அது பெரும்பாலும் அச்சின் வேலையாக இருக்காது. அச்சடித்து வெளியே வந்த பிறகு ஏற்பட்ட சேதமாகவே இருக்கும்.

அச்சு ஏன் தேய்கிறது என்பதை அறிந்தால், தேய்மானத்தை எங்கே தேடுவது என்பதும் தெளிவாகிவிடும். ஒரு வெற்று வில்லை (இன்னும் எதுவும் பதியாத வட்ட உலோகத் தகடு), மேலும் கீழுமாக இரண்டு அச்சுகளுக்கு நடுவிலும் சுற்றிலும் ஓர் எஃகு வளையத்துக்குள்ளும் வைத்து அழுத்தப்படுகிறது. பல டன் அழுத்தத்தில் குளிர்ந்த உலோகமே மாவைப் போல நகர்கிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, போகிற வழியில் எழுத்துகளின் பள்ளங்களை நிரப்புகிறது. ஒவ்வொரு அடியிலும் அது அச்சின் முகத்தை உரசிக்கொண்டுதான் நகர்கிறது. ஓர் அச்சு சில லட்சம் நாணயங்களை, சில வேளைகளில் பத்து லட்சத்துக்கும் மேல், அடித்த பின்பே ஓய்வு பெறுகிறது. இக்கால இயந்திரங்களில் சில, நிமிடத்துக்கு 750 நாணயங்கள் வரை அடிக்கக்கூடியவை. அந்த வேகத்தில் ஒரு குறையை ஒரு மணி நேரம் எவரும் கவனிக்காவிட்டால் அந்தக் குறையுடன் 45,000 நாணயங்கள் வெளியே வந்துவிடும். தேய்ந்த அச்சின் நாணயங்கள் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதற்கும், அவற்றுள் பெரும்பாலானவை அரிய பொருளாக மதிக்கப்படாததற்கும் காரணம் இதுதான். உலோகம் கடினமாக இருந்தால் தேய்மானமும் விரைவாக நிகழும். நிக்கல் கலந்த செம்பும் எஃகும் தூய்மையான செம்பைவிட அச்சை அதிகம் வருத்துகின்றன.

தேவையான கருவிகள்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு நல்ல கைலென்ஸ், ஒரே திசையிலிருந்து ஒளி தரும் சிறு மேசை விளக்கு, ஒரு கிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு, மேசையில் விரிக்க மென்மையான துணி ஆகியவை போதும். இவற்றுள் பலரும் அலட்சியப்படுத்துவது விளக்கைத்தான். அறை முழுவதும் பரவும் குழல்விளக்கு ஒளியில் மேடு, பள்ளம் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். விளக்கைத் தாழ்வாக வைத்து, ஒளி நாணயத்தின் மேல் சாய்வாக விழும்படி செய்து, நாணயத்தை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். நாணயத்தைக் கழுவவோ துடைக்கவோ கூடாது என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அச்சின் வயதைச் சொல்லும் முதன்மையான சான்று மேற்பரப்பின் மினுமினுப்பில்தான் இருக்கிறது. ஒருமுறை தேய்த்துத் துலக்கிவிட்டால் அந்தச் சான்று திரும்பி வராது.

இன்னொரு கருவியும் உண்டு, அதற்குச் செலவில்லை: அதே வகை, அதே ஆண்டு நாணயம் ஒன்று, கூடுமானவரை புழங்காததாக. இயல்பான நாணயம் எப்படி இருக்கும் என்று கண் பழகாதவருக்கு எல்லா நாணயமும் பிழை நாணயமாகவே தோன்றும். நான் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு தடித்த எழுத்தையும் அரிய கண்டுபிடிப்பு என்று எண்ணி எடுத்து வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க இயல்பான நாணயங்களை வரிசையாக அடுக்கிய பிறகுதான் அந்தத் தடிப்பு எவ்வளவு சாதாரணமானது என்று புரிந்தது.

முதல் படி: தளத்தைப் பார்த்தல்

உருவத்தையும் எழுத்தையும் விட்டுவிட்டு, முதலில் அவற்றுக்கு இடையே உள்ள வெறுமையான தளத்தைப் பாருங்கள். அச்சில் இந்தத் தளம்தான் மிக உயர்ந்த பகுதி. ஆகவே உலோகத்தின் உரசலை முழுமையாகத் தாங்குவதும் அதுவே. அடிக்க அடிக்க, அச்சின் தளத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய கோடுகள் அரித்துக்கொண்டு உருவாகின்றன. அவை நாணயத்தில் நுண்ணிய மேட்டு வரிகளாகப் பதியும். அவற்றைப் பாய்வு வரிகள் எனலாம். புதிய நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றும்போது வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஒளி சுற்றி வருவதற்கும் இந்த வரிகளே காரணம். ஓரளவு பயன்பட்ட அச்சில் அவை லென்ஸ் இல்லாமல் தெரியாத அளவுக்கு மெல்லியவை. தேய்ந்த அச்சில் அவை தடித்து, விளிம்புக்கு அருகில் வெறும் கண்ணுக்கே தெரியும். இன்னும் தேய்ந்தால் தளம் முழுவதும் ஆரஞ்சுப் பழத்தோல் போல முண்டும் முடிச்சுமாக மாறிவிடும்.

அடுத்து, தளமும் எழுத்தும் சந்திக்கும் கோட்டைக் கவனியுங்கள். புதிய அச்சில் எழுத்தின் சுவர் செங்குத்தாக எழுந்து நிற்கும். தேய்ந்த அச்சில் அந்த மூலை மழுங்கியிருப்பதால், நாணயத்தில் எழுத்து தளத்திலிருந்து சரிவாக ஏறும். எங்கே தளம் முடிந்து எங்கே எழுத்து தொடங்குகிறது என்று சொல்வது கடினமாகும். விளிம்பை ஒட்டிய எழுத்துகளில் இது முதலில் தெரியும், ஏனெனில் உலோகம் அதிக தூரம் ஓடி வந்து சேர்வது அங்கேதான். எழுத்துகளின் அடிக்கால்கள் விளிம்பை நோக்கி இழுபட்டு மீன்வால் போலப் பிளந்திருந்தாலோ, எழுத்து விளிம்போடு கலந்துபோயிருந்தாலோ, அந்த அச்சு தன் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

இரண்டாம் படி: மங்கலின் மூன்று காரணங்களைப் பிரித்தறிதல்

ஒரு நாணயத்தில் விவரங்கள் மங்கியிருந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: நாணயம் கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கலாம், அச்சு தேய்ந்திருக்கலாம், அல்லது இயந்திரம் போதிய அழுத்தம் தராமல் அடித்திருக்கலாம். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கே என்பதால் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

கைபட்டுத் தேய்ந்த நாணயத்தில் முதலில் போவது உயர்ந்த முனைகள்: முகத்தின் கன்னம், புருவத்துக்கு மேலுள்ள முடி, கதிரின் நுனி. அங்கே நிறமும் மாறியிருக்கும், மினுமினுப்பு போயிருக்கும். ஆனால் எழுத்துகளின் இடுக்குகளில், கை படாத மூலைகளில், பழைய பளபளப்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அடிமூலைகள் கூர்மையாகவே இருக்கும்.

தேய்ந்த அச்சில் இதற்கு நேர்மாறாக நடக்கும். நாணயத்தின் உயர்ந்த முனைகளுக்கு உரிய இடங்கள் அச்சில் ஆழமான குழிகள். உரசல் அங்கே குறைவு. ஆகவே கன்னமும் முடியும் ஓரளவு தெளிவாக இருக்க, தளமும் எழுத்துகளின் அடியும் கரடுமுரடாக இருக்கும். அதோடு நாணயம் முழுவதும் மினுமினுப்பு குறையாமல், சில வேளைகளில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே, இருக்கும். பளபளவென்று புதிதாக இருக்கும் நாணயத்தில் எழுத்துகள் மட்டும் கரைந்த மெழுகு போலத் தெரிந்தால், தேய்ந்தது நாணயமன்று, அச்சுதான்.

அழுத்தம் குறைவாக அடிக்கப்பட்ட நாணயத்திலும் உயர்ந்த முனைகள் மங்கலாக இருக்கும். காரணம், உலோகம் அச்சின் ஆழ்ந்த குழியின் அடிவரை ஏறவில்லை. அந்த மங்கலான முனைகளை லென்ஸில் பார்த்தால், வெற்று வில்லையில் முன்பே இருந்த கீறல்களும் சிறு பள்ளங்களும் அப்படியே மிஞ்சியிருப்பதைக் காணலாம். சரியான அழுத்தம் கிடைத்திருந்தால் அவை அழுந்தி மறைந்திருக்கும். இந்த வில்லைக் கீறல்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் ஒன்றே பல வீண் வாதங்களைத் தீர்த்துவைக்கும். ஒரே நாணயத்தில் தேய்ந்த அச்சும் குறைந்த அழுத்தமும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: இரட்டைக் கோடு தெரியும்போது

எழுத்தையோ ஆண்டின் இலக்கத்தையோ சுற்றி இரண்டாவது கோடு ஒன்று தெரிந்தவுடன் அதை இரட்டை அச்சு நாணயம் என்று முடிவு கட்டிவிடுவது மிகவும் பரவலான தவறு. அத்தகைய தோற்றத்துக்கு மூன்று மூலங்கள் உண்டு, அவற்றின் மதிப்பும் ஒன்றல்ல.

முதலாவது, உண்மையான இரட்டை அச்சு. அச்சைத் தயாரிக்கும்போதே, மூல உருவம் அதன் மேல் சற்று விலகி இரண்டாவது முறையும் பதிந்துவிடுகிறது. இதில் இரண்டு உருவங்களும் முழுமையாக, உருண்டு, ஏறத்தாழ ஒரே தன்மையுடன் எழுந்து நிற்கும். எழுத்துகளின் மூலைகளில் தெளிவான பிளவு தெரியும். 1955-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தில் வரும் இரட்டிப்பு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதில் ஆண்டின் இலக்கங்களும் மேலே உள்ள எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும்.

இரண்டாவது, அச்சடிக்கும் கணத்தில் அச்சு அசைந்து ஏற்படுவது. அடித்து முடிந்தவுடன் அச்சு சற்று நகர்ந்து, அப்போதுதான் எழுந்த எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடுகிறது. விளைவாகத் தட்டையான, பளபளப்பான ஒரு படிக்கட்டு உருவாகிறது. எழுத்திலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டதால், படிக்கட்டுக்கு மேல் மிஞ்சி நிற்கும் எழுத்து வழக்கத்தைவிட மெலிந்திருக்கும்.

மூன்றாவதுதான் நம் பொருள்: அச்சின் தேய்மானத்தால் வரும் இரட்டிப்பு. எழுத்துகளின் ஓரம் அச்சில் அரித்துப்போவதால், நாணயத்தில் எழுத்தைச் சுற்றிக் குழைவான, வரையறை இல்லாத ஒரு கரை எழும். எழுத்து மெலியாது, தடிக்கும். அந்தக் கரை பெரும்பாலும் விளிம்பை நோக்கிய பக்கத்திலேயே இருக்கும். மூலைகளில் பிளவு இருக்காது. சுற்றியுள்ள தளத்தில் பாய்வு வரிகளும் கரடுமுரடும் கூடவே இருக்கும். அதே 1955-ஆம் ஆண்டு சென்ட் நாணயங்களில் சிலவற்றில் கடைசி 5 மட்டும் இவ்வாறு இரட்டித்துத் தெரியும். உண்மையான இரட்டை அச்சை வாங்க இயலாதவருக்கானது என்ற பொருளில், சேகரிப்பாளர்கள் அதற்கு ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று பெயரிட்டார்கள். அது வெறும் அச்சுத் தேய்மானமே. இரண்டும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை என்பதால், இவ்விரண்டின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது கற்பவருக்கு மிகச் சிறந்த பயிற்சி.

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. எழுத்து தடித்ததா, மெலிந்ததா? இரண்டாவது கோடு உருண்டதா, தட்டையா, குழைந்ததா? சுற்றியுள்ள தளம் வழவழப்பானதா, வரியோடியதா? இவற்றுக்கு விடை கிடைத்தால் இரட்டிப்பின் காரணம் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

துத்தநாகத்தின் மேல் செம்பு முலாம் பூசிய நாணயங்களில் மட்டும் இன்னொரு குழப்பம் உண்டு. அமெரிக்க சென்ட் 1982-இல் செம்புக் கலவையிலிருந்து, 97.5 சதவீதம் துத்தநாகம் கொண்ட நாணயமாக மாறியது, எடையும் 3.11 கிராமிலிருந்து 2.5 கிராமாகக் குறைந்தது. அந்த மெல்லிய முலாம் அடிக்கும்போது எழுத்துகளின் ஓரத்தில் கிழிந்து, உள்ளிருக்கும் சாம்பல் நிறத் துத்தநாகம் கோடாகத் தெரிவதுண்டு. முலாமுக்கு அடியில் காற்று புகுந்து கொப்புளமாக எழுவதும் உண்டு. இவை வில்லையின் குறைகள்; அச்சைக் குற்றம் சொல்ல முடியாது.

நான்காம் படி: விரிசலும் சில்லும் உடைப்பும்

தேய்ந்த அச்சு களைத்த அச்சும்கூட. தொடர்ந்த அடிகளால் எஃகில் விரிசல் விழுகிறது. அந்த விரிசலுக்குள் உலோகம் புகுவதால் நாணயத்தில் ஒழுங்கற்று நெளியும் ஒரு மேட்டுக்கோடு உருவாகிறது. பெரும்பாலும் அது விளிம்பில் தொடங்கி எழுத்துகளின் ஊடாகச் செல்லும். கீறல் அப்படியன்று: அது பள்ளமாக இருக்கும், ஒதுக்கப்பட்ட உலோகம் இரு ஓரங்களிலும் மெல்லிய கரையாக நிற்கும். மேடா பள்ளமா என்று ஐயம் வந்தால், ஒளியின் திசையை மாற்றி நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். படங்களை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. ஒளி கீழிருந்து வந்திருந்தால், படத்தில் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் கண்ணை ஏமாற்றும்.

எஃகின் சிறு துணுக்கு பெயர்ந்தால் நாணயத்தில் சிறு கட்டி ஒன்று எழும். நெருக்கமான எழுத்துகளுக்கு நடுவிலும் 6, 8, 9 போன்ற இலக்கங்களின் மூடிய வளைவுக்குள்ளும் இது அதிகம் நேரும், ஏனெனில் அச்சில் அந்த இடங்கள் மெல்லிய எஃகுத் தடுப்புகளாக நிற்கின்றன. 1950-களின் அமெரிக்க சென்ட் நாணயங்களில் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் பி-க்கும் இ-க்கும் நடுவே, கூடுதலாக ஓர் ஐ நுழைந்தது போன்ற கட்டியை அடிக்கடி காணலாம்.

விளிம்பை ஒட்டி அச்சின் பெரிய துண்டே உடைந்து விழுந்தால், நாணயத்தின் அந்த ஓரம் எழுத்தோ உருவமோ இல்லாத வழவழப்பான மேடாகிவிடும். சேகரிப்பாளர்கள் இதைக் ‘கட்’ (cud) என்கிறார்கள்; அச்சு உடைப்பின் உச்ச நிலை இது, விரும்பித் தேடப்படுவதும் இதுவே. இதை உறுதிசெய்ய ஓர் அழகான சோதனை இருக்கிறது. நாணயத்தைத் திருப்பி, அந்த மேட்டுக்கு நேர் பின்னால் உள்ள இடத்தைப் பாருங்கள். உலோகம் உடைந்த குழியை நிரப்ப அந்தப் பக்கம் ஓடிவிட்டதால், பின்பக்கத்தில் எழுத்துகள் மங்கலாக இருக்க வேண்டும். பின்பக்கம் முழுக் கூர்மையுடன் இருந்தால், அந்த மேடு பின்னர் ஒட்டப்பட்டதோ உருக்கப்பட்டதோ என்று ஐயுறுவதே முறை.

ஐந்தாம் படி: அடைத்த அச்சும் மெருகேற்றிய அச்சும்

எழுத்துகள் காணாமற்போன நாணயங்களை ஆராயும்போது, தேய்மானத்தோடு அடைப்பையும் மெருகேற்றலையும் சேர்த்தே எண்ண வேண்டும். பிசுக்கு அடைத்ததால் மறைந்த எழுத்து மெல்ல மெல்ல மங்கி மறையும்; அந்த இடத்தின் மேற்பரப்பு சுற்றுப்புறத்தோடு இயல்பாகக் கலந்திருக்கும். கருவியால் அகற்றப்பட்ட எழுத்தின் இடத்தில் நுண்கீறல்களும், தளத்தைவிடத் தாழ்ந்த ஒரு தேய்ப்பும், மினுமினுப்பின் சக்கரம் அங்கே வந்து அறுபடுவதும் காட்டிக்கொடுக்கும்.

வில்லை நடுவில் வராதபோது இரண்டு அச்சுகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால், ஒன்றின் வெளிக்கோடு மற்றதில் பதிந்துவிடும். அத்தகைய அச்சால் அடித்த நாணயத்தில் பின்பக்க உருவத்தின் மங்கலான வெளிக்கோடு முன்பக்கத்தில் இடவலம் மாறித் தெரியும். இந்த வடுவையும் தேய்மானத்தையும் போக்கப் பணியாளர்கள் அச்சின் முகத்தைத் தேய்த்து மெருகேற்றுவதுண்டு. அப்போது அச்சின் தளம் தாழ்ந்து, ஆழமில்லாத விவரங்கள் முற்றிலும் அழிந்துபோகலாம். மெருகேற்றிய தடம் நாணயத்தில் நேரான நுண் மேட்டு வரிகளாகத் தெரியும். அவை தளத்தில் மட்டும் ஓடி, எழுத்தை அடைந்ததும் நின்றுவிடும். நாணயத்தைத் துலக்கியதால் விழுந்த கீறல்களோ பள்ளமானவை, எழுத்தின் மேலும் ஏறிச் செல்பவை.

இதற்கு இரண்டு புகழ்பெற்ற சான்றுகள் உண்டு. 1922-இல் அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயங்கள் டென்வர் நாணயச்சாலையில் மட்டுமே அடிக்கப்பட்டன. ஆகவே எல்லாவற்றிலும் அந்தச் சாலையின் குறியான டி என்ற எழுத்து இருந்தாக வேண்டும். ஆனால் தேய்ந்தும் அடைத்தும் மெருகேற்றப்பட்டும் போன அச்சுகளால் சிலவற்றில் அந்தக் குறி மங்கியும், வேறு சிலவற்றில் முற்றிலும் இல்லாமலும் போயிற்று. இவற்றுள் சேகரிப்பாளர்கள் பெரிதும் மதிப்பது, குறி அறவே இல்லாமல், பின்பக்கம் மட்டும் கூர்மையாக இருக்கும் நாணயத்தை: களைத்த முன்பக்க அச்சோடு தெளிவான பின்பக்க அச்சு இணைந்து அடித்தது அது. குறியைச் சுரண்டி எடுத்த போலிகள் இதற்கு ஏராளம்.

மற்றொன்று, அதே டென்வரில் 1937-இல் அடித்த ஐந்து சென்ட் நாணயம். பின்பக்கத்தில் நிற்கும் காட்டெருமையின் முன்னங்கால் ஒன்று, அச்சை அளவுக்கு மீறித் தேய்த்ததால் மறைந்துவிட்டது. குளம்பு மட்டும் மிஞ்சியது. சாதாரண நாணயத்தில் காலைச் சுரண்டி எடுத்து இதைப் போலியாகச் செய்பவர்கள் உண்டு. உண்மையான நாணயத்தில் எருமையின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே சிறு புள்ளிகள் மேடாக வரிசையிட்டு இறங்குவதைக் காணலாம். அச்சின் முகத்தில் ஏற்பட்ட அரிப்பின் தடம் அது. நாணயத்தைச் சுரண்டுபவரால் மேட்டை உண்டாக்க முடியாது.

ஆறாம் படி: இரண்டாவது நாணயத்தைத் தேடுதல்

ஓர் அச்சின் குறை, அந்த அச்சு அடித்த எல்லா நாணயங்களிலும் அதே இடத்தில் திரும்ப வரும். தனிச் சேதம் திரும்ப வராது. ஆகவே ஒரே ஆண்டின் பல நாணயங்களை ஒன்றாக ஆராய வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஒரே விரிசல் ஒன்றில் மயிரிழையாகவும், அடுத்ததில் தடித்த கோடாகவும், மூன்றாவதில் விளிம்போரம் உடைந்த மேடாகவும் கிடைத்தால், ஓர் அச்சின் வாழ்க்கையையே வரிசைப்படுத்தி வைத்தது போலாகும். தொடக்க நிலை, இடைநிலை, கடைநிலை என்று குறித்து வைப்பார்கள். என்னைப் பொறுத்தவரை, தனியொரு அரிய நாணயத்தைவிட இப்படிச் சேர்த்த மூன்று சாதாரண நாணயங்களே அதிகம் கற்றுத் தருகின்றன.

வெறும் பாய்வு வரிகளும் குழைந்த எழுத்துகளும் மட்டும் உள்ள நாணயத்துக்குச் சந்தையில் கூடுதல் விலை பெரும்பாலும் கிடைக்காது. பல சேகரிப்பாளர்கள் அதைப் பிழை என்றே ஏற்பதில்லை, அச்சடிப்பின் இயல்பான விளைவு என்பார்கள். அந்த நிலைப்பாடு சரியானதே என்று நானும் கருதுகிறேன். தேய்மானத்தை யாராவது அரிய இரட்டை அச்சு என்று சொல்லி விற்க முன்வந்தால், மூன்றாம் படியில் கண்ட சோதனைகளைச் செய்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

குறிப்பெழுதுதல்

ஆண்டு, நாணயச்சாலைக் குறி, உலோகம், எடை, எந்தப் பக்கம், எந்த இடம் என்பவற்றை உடனுக்குடன் எழுதிவையுங்கள். இடத்தைக் குறிக்கக் கடிகார முறை வசதியானது: முன்பக்கத்தில் 7 மணி நிலையில் விளிம்பிலிருந்து விரிசல் என்று எழுதினால் எவருக்கும் புரியும். கண்டதைத் தனியாகவும் முடிவைத் தனியாகவும் எழுதுவது நல்லது, ஏனெனில் முடிவு பின்னால் மாறலாம். படமெடுக்கும்போது ஒளி எப்போதும் மேலிருந்து ஒரே கோணத்தில் வரட்டும். அப்போதுதான் இரண்டு படங்களை ஒப்பிட முடியும். பி.வி.சி. கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் நாணயத்தில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கிப் பாய்வு வரிகளையே அரித்துவிடும் என்பதால், அது கலவாத உறைகளைக் கேட்டு வாங்கி, உறை ஒன்றுக்கு ஒரு நாணயமாக வைத்து, குறிப்பின் எண்ணை உறையின் மேல் எழுதிவிடுங்கள்.